பதினோராவது ரொட்டி

என் முகத்தை யாரும் கேட்டதில்லை.
கணுக்காலுக்குக் கீழேதான் எனக்குப் பிழைப்பு.
தாம்பெரேயில், பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடியில்
ஜனவரியில் வராத வெயிலுக்குப் பதிலாக
நாலு விளக்கு நட்டிருந்தார்கள்.

வீட்டுச் செருப்பு விளம்பரம்.
'இப்போதுதான் சுட்டது போல் மென்மை.'
செருப்பே படத்தில் கிடையாது;
அதுதான் புத்திசாலித்தனமாம்.
ஒரு முழு ரொட்டி, குடைந்து,
அதற்குள் என் வலது கால்.

வெந்நீரில் கழுவி, நகம் தீட்டி,
குதிகாலுக்குப் பவுடர் போட்டார்கள்.
உப்பு சேர்ந்தால் பாதம் ஊதிவிடும் என்று
முந்தின நாள் மதியத்திலிருந்து எனக்குச் சாப்பாடு இல்லை.
முதல் ரொட்டி விரிந்தது. இரண்டாவது கிழிந்தது.
ஏழாவதில் என் சுண்டுவிரல்
சோகமாக இருப்பதாக ஓஸ்மோ சொன்னான்.
பதினோராவது அடுப்பிலிருந்து நேராக வந்தது.
கால் உள்ளே போனதும்
ஆ என்றேன்.
'அதேதான், அசையாதே' என்றான்.

முந்தைய பத்தும் கறுப்புப் பையில் போயின.

படம் வெளிவந்தது ஒரு வியாழன்.
வெள்ளிக்கிழமை பாகூ விழித்துக்கொண்டது.
கீழே விழுந்த ரொட்டியை எடுத்து முத்தமிட்டு
நெற்றியில் ஒற்றிக்கொள்கிறவர்கள்;
காய்ந்த துண்டைக்கூடக் குப்பையில் கலக்காமல்
தனிப்பையில் கட்டித் தொங்கவிடுகிறவர்கள்.
ஒரு மாணவன் அந்தச் செருப்பைப் பால்கனியில் எரித்தான்.
காசு கொடுத்து வாங்கித்தான் எரித்தான்.
அந்த வாரம் விற்பனை கூடியது.

இங்கிருந்து பதில் போயிற்று:
மாவுதானே, உங்களுக்குச் சிரிக்கத் தெரியாதா?
அங்கிருந்து வந்தது:
பெற்றவள் மடியையும் இப்படித்தான் மிதிப்பீர்களா?
லிமாவில் ஒருவன் காலை நீக்கிவிட்டுப்
பூனையை உட்கார வைத்தான்.
அதற்கு மட்டும் இரண்டு பக்கமும் சிரித்தது.
கோதுமை ஒவ்வாதவர்கள் சங்கம் ஒன்று
தன் பங்குக்கு வருத்தப்பட்டது.
யாரோ என் பெருவிரலைப் பெரிதாக்கி
வட்டமிட்டு எழுதியிருந்தார்கள்:
'இந்தத் திமிரைப் பாருங்கள்.'
பார்த்தேன்.
என் அம்மாவின் பெருவிரல் அது.

கம்பெனி மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்டது:
'யார் மனமாவது புண்பட்டிருந்தால்.'
அந்த 'ஆல்' இருக்கிறதே,
அதில் வழுக்கி விழுந்தது
மிச்சமிருந்த பொறுமை.

நான் வழக்கம்போல டிராமில் போய்வந்தேன்.
தடித்த காலுறை, பனிக்குப் பூட்ஸ்.
ஊரெல்லாம் தேடும் குற்றவாளி
என் டிக்கெட்டிலேயே பயணம் செய்தது.
ஏஜென்சி அழைத்தது: அடுத்தது தேன்,
கால் இப்போது பிரபலம்,
கூலி ஒன்றரை மடங்கு.

ஓஸ்மோ எனக்கு நன்றி சொன்ன இடத்தில்
என் பெயரைத் தேடிப் பிடித்து
ஷெகியிலிருந்து ஒருவர் எழுதினார்.
ரூஃபத். ரொட்டிக் கடை.
திட்டுவார் என்று நின்றுகொண்டே படித்தேன்.

'தங்கச்சி, முப்பது வருஷமாகத்
தந்தூருக்குள் கைவிடுகிறவன் நான்.
முழங்கைவரை ஒரு முடி கிடையாது.
படத்தில் மேலோடு வெடித்திருக்கிற தினுசைப் பார்த்தால்
சூடு ஆறுமுன்னே உன் காலை விட்டிருக்கிறார்கள்.
சுட்டுவிட்டதா?'

இதை யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தப்படி நான் வாய் திறக்கக் கூடாது.
எழுதி எழுதி அழித்தேன்.
எதைச் சொல்வது?
கொப்புளம் நாலு நாள் இருந்ததையா?
எல்லோரும் விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது
துண்டால் காலைத் துடைத்த நான்
விரலிடுக்கில் ஒட்டியிருந்த வெந்த துணுக்கை
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
வாயில் போட்டுக்கொண்டதையா?

கடைசியில் ஒரு வரி அனுப்பினேன்:
'உப்பு சரியாக இருந்தது.'

இன்னும் பதில் இல்லை.
அங்கே இப்போது விடிகாலை,
அடுப்பு மூட்டும் நேரம்.